ப்ராக்ஸிமாவுக்குச் சிதம்பரம் வழி

சென்ற ஆனி மாதம் நானும் என் வீட்டுக்காரரும் ப்ராக்ஸிமா சென்டாரி பி என்ற கிரகத்துக்குப் போனோம். புறப்பட்ட இடம் கடலூர் பஸ் ஸ்டாண்டு, காலை ஆறு மணி, சிதம்பரம் வழி. போகிற வழியில் பெரிய குறை ஒன்றும் இல்லை. திரும்பி வருவதில்தான் சிக்கல் வந்தது.

இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு என்று யாரும் பதற வேண்டாம். எனக்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, புத்தியும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் பெயர் சேகர். அத்தை மகன், அதனால் எனக்கு மாமா. இருபத்திரண்டு வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். நவக்கிரகச் சுற்றுலா என்றால் எங்கள் பக்கத்தில் அவர் வண்டிதான். இரண்டு நாளில் ஒன்பது கோயிலையும் காட்டிவிட்டு, ஏற்றிய இடத்திலேயே ஆட்களை இறக்கிவிடுவார். எந்தக் கோயில் வாசலில் செருப்பு காணாமல் போகும், எந்த ஓட்டலில் சாம்பாரில் தண்ணீர் கலப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தலை எண்ணாமல் ஒரு தடவைகூட வண்டியைக் கிளப்பியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு கிட்னியும் கையை விரித்துவிட்டன. வேனை விற்றோம். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். எங்களுக்கு மெஷின் கிடைத்த ஊர் அதுதான்.

அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவேன். காபி, மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்துவிட வேண்டும். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கடைசி மிடறைக் குடித்துவிட்டு, பாட்டில் மூடியை மெதுவாகத் திருகினார்.

"கஸ்தூரி, சிதம்பரம் தேர் வரைக்கும் வரேன். இன்னும் மூணு தடவ. அதுக்கப்புறம் என்னைய விட்டுடு."

"எங்க விடச் சொல்ற?"

"மெஷினுக்குப் போறத நிறுத்திடறேங்கறேன். ஊர் ஊராப் போனவன் நான். இப்ப நாப்பத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ள கட்டிப் போட்ட மாதிரி கெடக்கறேன். ஒரு கல்யாணம் காட்சின்னு மூணு நாள் வெளியூர் போவ முடியுதா? நீயும் கடையப் பூட்டிட்டு என் பின்னாலயே அலையற. போதும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்துப் பதினோரு நாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் அழுதால் அவர் தீர்மானம் இன்னும் கெட்டிப்படும். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு இதுகூடத் தெரியாதா? எழுந்து போய் உப்புமாவுக்கு ரவை வறுத்தேன். அதையும் கருக விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் அவர் வழக்கம்போல இடது பக்கம் முதல் சீட்டில் உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்தால்தான் டிரைவரைக் குறை சொல்ல வசதி. "கியரை மாத்துடா, வண்டி மொனவுது பாரு," என்று சிதம்பரம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வாயைத் திறந்து பேசுகிறாரே, அதுவே போதும் என்று நான் சும்மா இருந்தேன்.

டயாலிசிஸ் அறையில் நாலு படுக்கை. எங்களுக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டை உசேன் பாய். அறுபது வயது, வலைக்கடை வைத்திருப்பவர், எங்களுக்கு முன்னாலிருந்தே அங்கே வருகிறவர். மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள் ஜெசிந்தா. அவள் மாமாவின் எடையைப் பார்த்து, இடது கையில் இரண்டு ஊசியும் குத்திவிட்டுப் போனாள். அந்தக் கையில் நரம்பைச் சேர்த்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். மேலே விரலை வைத்தால் உள்ளே 'ஜிர்ர்' என்று ஓடுவது தெரியும். தினமும் காலையில் நான் தொட்டுப் பார்த்து, "வண்டி ஸ்டார்ட்டிங்ல இருக்கு," என்பேன். மூன்று வருஷமாக இதுதான் எங்கள் வீட்டுக் காலை வணக்கம்.

அன்று அவர் சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டு கிடந்தார். எனக்குப் பயமாக இருந்தது. எதையாவது பேச வேண்டுமே என்று பையைத் துழாவினேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்திருந்த நாலு தாள் கையில் வந்தது. கடையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுடைய புராஜெக்டுக்குப் பிரிண்ட் எடுத்தபோது மை சரியாக விழாமல் கழித்துப் போட்டவை.

"மாமா, பக்கத்துல ஒரு ஊர் இருக்காம். போவலாமா?"

"எத்தினி கிலோமீட்டர்?" டிரைவர் புத்தி எங்கே போகும்?

"நாப்பது லட்சம் கோடி."

"அது உனக்குப் பக்கமா?"

"சூரியன விட்டா அடுத்த நட்சத்திரமே அதான். ப்ராக்ஸிமான்னு பேரு. அதச் சுத்தற கிரகம் இது. ரெண்டாயிரத்துப் பதினாறுல கண்டுபுடிச்சிருக்காங்க. நம்ம பூமிய விடக் கொஞ்சம்தான் எடை ஜாஸ்தியா இருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"அறுவதுல போனா எப்பப் போய்ச் சேருவோம்?"

போனில் பெருக்கி வகுத்துப் பார்த்தேன். பூஜ்ஜியங்களை எண்ண ஜெசிந்தாவும் வந்து எட்டிப் பார்த்தாள். ஏழரைக் கோடி வருஷமும் சொச்சமும் வந்தது.

"ஏழரையா?" என்றார் மாமா. "சனி அங்கயும் விட மாட்டாரு போலருக்கே!"

சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்த பாயும் வயிறு குலுங்கச் சிரித்தார். மாமா சிரித்து இரண்டு மாசம் ஆகியிருக்கும். நான் அந்தத் தாளை விடுவேனா?

வெளிச்சத்தின் வேகத்தில் போனால் நாலேகால் வருஷம் என்று போட்டிருந்தது. மெஷின் நாலு மணி நேரம். மணிக்கு ஒரு வருஷம் என்று வைத்துக்கொண்டால் பிசகாமல் போய்ச் சேரலாம் என்று அவரே முடிவு செய்தார். அந்தக் கணக்கில் சனி கிரகத்தைத் தாண்ட ஒரு செகண்டுகூட ஆகவில்லை. இதில் அவருக்கு வருத்தம். "ரெண்டு நாள் முதுகு ஒடிய ஓட்டுவேன், ஒரு செகண்டாம்," என்றார். பிறகு வழியில் டீக்கடை உண்டா என்று கேட்டார். ஒன்றுமே கிடையாது, நாலு வருஷமும் வெறும் இருட்டு என்றேன். "அப்ப நான் ஒரு தூக்கம் போடறேன். ஊர் வந்தா எழுப்பு," என்று கண்ணை மூடியவர், ஜெசிந்தா ஊசியை உருவும்போதுதான் விழித்தார்.

மேல வீதிக்குப் பக்கத்து மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டோம். சிதம்பரம் வந்து கொத்சு இல்லாமல் இட்லி தின்பது பாவம்தான். அவருக்கு உப்பு ஆகாது என்பதால் ஒரே ஒரு கரண்டி அனுமதித்தேன். அந்தக் கரண்டியில் இருந்த கத்தரிக்காய்த் துண்டை அவர் நாலாகப் பிட்டு, நாலு இட்லிக்கும் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கிரகத்தில் போய் இறங்கினோம்.

இறங்குவதற்கு முன்னால் மாமா ஒரு சட்டம் போட்டார். "பாசஞ்சர்கிட்ட டிரைவர் பொய் சொல்லலாம், அஞ்சு நிமிஷத்துல ஊர் வந்துடும்னு. டிரைவர்கிட்ட யாரும் பொய் சொல்லக்கூடாது. உண்மையத் தனியாச் சொல்லு, நீயா அடிச்சு விடறதத் தனியாச் சொல்லு." ஆகவே ஒப்பந்தம் ஆயிற்று. தாளைப் பார்த்துச் சொன்னால் நிஜம். மடியில் கவிழ்த்துவிட்டால் என் சரக்கு.

தாளில் இருந்தது இது. அங்கே சூரியன் சிவப்பாக இருக்கும். நம் சூரியனைவிடச் சின்னது, சூடும் குறைவு. ஆனால் இந்தக் கிரகம் அதை ஒட்டிக்கொண்டே சுற்றுவதால் வானத்தில் நம் சூரியனைப்போல மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். பதினோரு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும், அதாவது ஒரு வருஷம். அவ்வப்போது அந்த நட்சத்திரம் கோபம் வந்து தீயாகச் சீறும். கிரகம் எப்போதும் ஒரே முகத்தைத்தான் அதற்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்று கருதுகிறார்கள். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத ராத்திரி. இத்தனைக்கும் அந்தக் கிரகத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் லேசாக ஆடுகிறதாம். அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"நம்ம நவக்கிரகத்துல ஒண்ண ஒண்ணு பாக்காது," என்றார் மாமா. "ஒம்போதும் ஒவ்வொரு பக்கமாத் திரும்பி நிக்கும். இது இன்னாடான்னா, அதையே பாத்துக்கிட்டு நிக்குதா?"

"இதையும் கட்டித்தான் போட்டிருக்கு மாமா, உன்ன மாதிரி."

"கட்டிப் போட்டா இன்னா தங்கச்சி," என்றார் பாய் அந்தப் பக்கத்துப் படுக்கையிலிருந்து, "அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுத்தான இருக்கு?" பிறகு அவரே கேட்டார். "பொழுதே சாயாதுன்னா நோம்பு எப்பத் தொறக்கறது?"

இது பெரிய கேள்வி. ஜெசிந்தா கடிகாரம் பார்த்துத் திறக்கலாம் என்றாள். மாமா, இருட்டுப் பக்கம் எல்லை வரைக்கும் வண்டியில் போய்த் திறந்துவிட்டு வந்துவிடலாம், டீசல் அவர் பொறுப்பு என்றார். பாய் இரண்டையும் தள்ளிவிட்டார். "அங்கேருந்து பாத்தா நம்ம சூரியனே ஒரு நட்சத்திரமாத்தான தெரியும்? அந்தப் பக்கம் திரும்பித் தொழுதுக்குவேன். மக்காவுல எப்பத் தொறக்கறாங்களோ, அப்பத் தொறந்துக்குவேன். அல்லாவுக்குத் தெரியாதா?"

தாளைக் கவிழ்த்தேன். பகலும் ராத்திரியும் முட்டிக்கொள்கிற எல்லையில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே எப்போதும் சாயங்காலம் ஆறு மணி. வீடுகளுக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல், எல்லா ஜன்னலும் சிவப்பு. நாங்கள் இறங்கிய இடத்தில் ஒரு மெஸ் இருந்தது. அதை நடத்துகிற அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்து, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். அவர் பாஷையில் கேட்டதைத்தான் நான் தமிழில் சொல்கிறேன். இரண்டு நாள் என்றோம். "ஐயோ, அதுக்குள்ள வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு ஓடிப் போவுமே, உங்களுக்கு வீடு வாசல் இல்லியா?" என்று கோபித்துக்கொண்டே இலை போட்டார். இலையில் பலாச்சுளை வைத்தார்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு முழுக்க வண்டி வண்டியாகப் பலாப்பழம், அந்த வாசனை மூக்கிலேயே இருந்தது. நான் காடாம்புலியூர்க்காரி. பலா மரத்தடியில் பிறந்து வளர்ந்தவள். பலாவில் பொட்டாசியம் அதிகம், கிட்னி போனவர்களுக்கு அது விஷம் மாதிரி. அவருக்கு இல்லாததை நான் எப்படித் தின்பது? மூன்று வருஷமாக நானும் நாக்கில் வைக்கவில்லை.

"நான் சாப்புடலாமா?" என்றார்.

"அந்த ஊர்ப் பழத்துல பொட்டாசியம் கெடையாது."

"அது தாள்ல இருக்கா?"

"தாள் கவுந்து கெடக்கு, கண்ணு தெரியல? பேசாம சாப்புடு."

எத்தனை சுளை என்று கேட்டார். இருபது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, அதே மூடிய கண்ணோடு, "அங்க தண்ணி இருக்கா?" என்றார்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். "தெரியலன்னு போட்டிருக்கு. இருக்கலாங்கறாங்க, இல்லாமலும் போவலாங்கறாங்க. அதத்தான் எல்லாரும் தேடறாங்க."

"அவுங்களும் தண்ணிக்குத்தான் அலையறாங்களா?" என்றார்.

தாளைப் பட்டென்று கவிழ்த்துவிட்டு, மழைக்காலத்தில் திருவந்திபுரம் கோயில் பக்கம் கெடிலத்தில் எப்படித் தண்ணீர் போகுமோ, அப்படி ஓர் ஆற்றை அங்கே ஓட விட்டேன். குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடி, யாரும் அளக்க மாட்டார்கள் என்றேன். படுத்திருந்தவர் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். ஜெசிந்தா மெஷினைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு மொட்டை மாடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். தெற்கே தென்னை மரங்களுக்குச் சற்று மேலே ஒரு நட்சத்திரம் நன்றாகப் பளிச்சென்று இருந்தது. ஆல்ஃபா சென்டாரி. ப்ராக்ஸிமா அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சிதம்பரம் இருக்கற பக்கமாத்தான இருக்கு. ரூட்டு சரிதான்," என்றார். சிதம்பரத்தைப் பற்றி வெறுப்பில்லாமல் அவர் பேசி எத்தனை நாளாயிற்று! என் கதை வேலை செய்கிறது, ஆள் மனசு மாறிவிட்டது என்று நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

மறு செவ்வாய்தான் தேர். பஸ்ஸில் நிற்க இடமில்லை. முட்லூர் தாண்டியதும் டயர் வெடித்தது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பின்னால் வந்த பஸ்களெல்லாம் பிதுங்கிக்கொண்டு நிற்காமல் போயின. காத்துக் காத்து மணி எட்டரை ஆகிவிட்டது. நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினை அடுத்த ஆளுக்குப் போட்டுவிடுவார்கள்.

"திரும்பிடலாம் கஸ்தூரி. எப்படியும் இதான கடைசி," என்றார். அதுவரைக்கும் அவர் அதை மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடை ஓரமாக ஒரு வேன் நின்றது. திட்டக்குடிப் பக்கத்துப் பெண்கள், நவக்கிரகம் சுற்றக் கிளம்பியவர்கள், முதலில் சிதம்பரம் தேரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் எட்டிப் பார்த்து, "யாரு, சேகர் அண்ணனா? ஏறுண்ணே, அண்ணியையும் கூட்டிட்டு வா," என்றார். இவரிடம் தொழில் கற்றவர்களோ, இவரோடு ஓட்டியவர்களோ இல்லாத ரோடு எங்கள் ஜில்லாவில் கிடையாது. ஏறி உட்கார்ந்தோம். வண்டி உறுமியது.

"தலை எண்ணிட்டியா?" என்றார் மாமா.

"எல்லாம் ஏறிட்டாங்கண்ணே."

"எண்ணினியான்னு கேட்டேன்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து பின்னால் போய், கடைசி சீட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டுக் கம்பியாகத் தட்டி, "ஒண்ணு, ரெண்டு," என்று எண்ணிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வருஷமும் இப்படித்தான். கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டால் தூங்குகிற பாசஞ்சர்கூட நிமிர்ந்து உட்காருவார். டிரைவர் சொன்ன கணக்குக்கு ஒரு ஆள் குறைந்தது. பார்த்தால், ஒரு அம்மா கொய்யாப்பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். வேனில் ஒரே கூச்சல். அந்த அம்மா மடியில் கொய்யாவைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினார்.

"உன் தலைய எண்ணினியா?" என்று மாமா அந்த டிரைவரைக் கேட்டார்.

"நான்தான் இங்க இருக்கறேனேண்ணே!"

"கடைசியா நம்ம தலையையும் எண்ணணும்டா. ஒரு ஆள் விட்டாலும் கணக்கு உதைக்கும்," என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் பழைய களை இருந்தது. கொய்யா அம்மா எனக்கு ஒரு பழம் கொடுத்தார்.

பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். ஜெசிந்தா மெஷினைப் பிடித்து வைத்திருந்தாள். நான் உற்சாகத்தில் இருந்தேன். அந்த உற்சாகத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். தாளில் கடைசிப் பக்கம் இன்னும் பாக்கி இருந்தது.

"மாமா, அங்கேருந்து நம்ம ஊரப் பாத்தா இன்னா தெரியும் சொல்லு. இங்கேருந்து கெளம்பற வெளிச்சம் அங்க போவ நாலேகால் வருஷம் ஆவுது. அப்ப, அங்க நின்னு இன்னிக்குப் பாத்தா நாலேகால் வருஷத்துக்கு முந்தி நடந்ததுதான் தெரியும். தாளப் பாத்துதான் சொல்றேன்."

"நாலேகால் வருஷம் முந்தின்னா..." என்று இழுத்தார். "நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"ஆமா. நல்லா ஓட்டிக்கிட்டு இருந்த."

"நம்ம புள்ள சரண்யா கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்கள திருவந்திபுரத்துக்கு அழைச்சுக்கிட்டுப் போனது அப்பதான். மூணு நடை அடிச்சேன். நடுவுல எறங்கி ஒரு சொம்புத் தண்ணியக் கடகடன்னு குடிச்சேன்." அவர் குரல் மாறிவிட்டது. பிறகு, "கஸ்தூரி, நீ திரும்பிப் போ. நான் அங்கயே இருந்துடறேன்," என்றார்.

"இன்னா மாமா பேசற?"

"நெசமாத்தான். அந்தச் சாயங்கால ஊர்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருக்கேன். டாக்டரு பதினோரு நாளுன்னாரு இல்ல? அந்த ஊர்க் கணக்குல அது முழுசா ஒரு வருஷம். ஒரு வருஷம் வாழ்ந்துட்டுப் போறேனே."

பாய் "அப்படிச் சொல்லாத மச்சான்," என்றார். நாலு மணி நேரத்தைத் தள்ளுவதற்காக நான் கட்டிய ஊர், அவர் நிரந்தரமாகத் தங்குவதற்கு இடமாகிவிட்டது. என் வாய்தான் எனக்கு எமன். வெளியே வந்தபோது வீதியெல்லாம் ஜனம். கூட்டத்துக்கு மேலே தேரின் உச்சி மட்டும் மெதுவாக நகர்ந்து போயிற்று. அவர் கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, சாமி மேலேயே கோபமாக இருந்தது.

புதனும் வியாழனும் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்காமல் நவக்கிரகம் மாதிரிதான் வீட்டுக்குள் நடமாடினோம். வியாழக்கிழமை அவர் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எழுந்து, தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றினேன். டிபன் கட்டினேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"எழுந்திரு மாமா."

"நான்தான் சொன்னேனே, தேர் வரைக்கும்னு."

எனக்கு வந்ததே ஆத்திரம். அந்த நாலு தாளையும் எடுத்து, எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"தாளக் கவுக்காமத்தான் சொல்றேன், கேட்டுக்க. அங்க உக்காந்து உன்னையே பாத்துக்கிட்டு இரு. நல்லா வண்டி ஓட்டறதப் பாரு, தண்ணி குடிக்கறதப் பாரு. ஆனா வெளிச்சம் நின்னுடாது, வந்துக்கிட்டேதான் இருக்கும். நாலேகால் வருஷம் கழிச்சு இந்த வெள்ளிக்கெழம அங்க வந்து சேரும். நான் மட்டும் தனியா சிதம்பரம் பஸ்ஸுல உக்காந்துருக்கறது தெரியும். அதையும் கண்ணத் தொறந்து பாரு. எனக்கு உன்ன விட்டா யார் இருக்கா மாமா? கடையப் பூட்டிட்டு அலையறேன்னு நான் எப்பயாவது உன்கிட்ட சொன்னனா? ரெண்டு பேராப் போனோம். என்ன மட்டும் திரும்பிப் போன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?"

அவர் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. கோபத்தில் பாட்டிலை மேஜை மேலேயே மறந்துவிட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சிதம்பரம் பஸ் நின்றது. இடது பக்கம் முதல் சீட்டு காலியாக இருந்தது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவருடைய இடத்தில் பையை வைத்தேன். ஆறடித்தது. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டு உறும விட்டார். பையை எடுத்து மடியில் வைத்தேன், மறுபடி சீட்டில் வைத்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று துடைக்கவில்லை.

கண்டக்டர் முன்னால் வந்தார். "எங்கம்மா?"

"சிதம்பரம்."

"எத்தினி?"

ஒன்று என்று சொல்ல நாக்கு எழவில்லை. கண்டக்டர் டிக்கெட் மெஷினில் விரலை வைத்துக்கொண்டு, "எத்தினிம்மா, ஒண்ணா?" என்றார்.

பின்னால் எங்கோ கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. டங். அப்புறம் அதற்கு முன்னால் ஒரு கம்பி. டங். பின் படிக்கட்டில் ஏறி, மூச்சு வாங்க, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு யாரோ வருகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது. சத்தம் என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. என் தலைக்கு மேல் இருந்த கம்பியில் ஒரு தட்டு.

"ஒண்ணு," என்றார்.

நிமிர்ந்தேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. இடது கையில் நான் அளந்து வைத்த தண்ணீர் பாட்டில். வலது கையால் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, கண்டக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"சிதம்பரம் ரெண்டு."